கத்தியில் கார்டைப் பொருத்தினால் தோளருகே ஒரு பக்கம் வெளிச்சம் தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?

புதுக்கரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கத்தி செய்யத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை ஏழு கத்திகள் முடித்திருக்கிறேன். எல்லாமே முழு டேங் கத்திகள். டேங் என்பது அலகின் பின்னால் பிடிக்குள் போகும் எஃகு வால். பிடியின் அகலத்துக்கே எஃகு கடைசிவரை போகும். இரண்டு பக்கமும் மரத்தை ஒட்டி ரிவெட் அடித்தால் வேலை முடிந்தது. கை முன்னால் வழுக்காமல் அலகுக்கும் பிடிக்கும் நடுவே தடுத்து நிற்கும் கார்டைப் பற்றி யோசிக்கத் தேவையே வந்ததில்லை.

இப்போது செய்வது என் அப்பாவுக்கு. அவருடைய வலது கையில் சுட்டு விரலுக்கும் நடு விரலுக்கும் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஈரக் கையோடு பிடித்தால் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிவதில்லை. முன்பு நான் செய்து கொடுத்த கத்தியில் கை வழுக்கி முன்னால் போய்விட்டது. நல்லவேளை, கீறலோடு போயிற்று. அதனால்தான் இந்த முறை கார்டு வைத்தே தீருவது என்று இறங்கினேன். மெல்லிய டேங் பிடிக்குள் மறைந்துவிடும், முன்னால் பித்தளைக் கார்டு. இதுதான் திட்டம்.

அலகு 110 மி.மீ. நீளம். எஃகு 1084, கனம் 4 மி.மீ. எண்ணெயில் தோய்த்து இறுக்கி, 200 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை சூடேற்றி எடுத்தாயிற்று. டேங்கின் அகலம் தோளருகே, அதாவது அலகு குறுகி டேங்காக மாறும் படியருகே, 14 மி.மீ. கார்டுக்கு 6 மி.மீ. கனப் பித்தளைப் பட்டை, 45க்கு 20 என்று வெட்டியது.

இதுவரை மூன்று துண்டுகளை வீணாக்கிவிட்டேன். முதலாவதில் டிரில் பிட் நடுக்கோட்டை விட்டு ஓடிவிட்டது. இரண்டாவதில் அரம் போட்டுப் போட்டு டேங் நுழையும் ஸ்லாட் லொடலொடவென்று ஆகிவிட்டது. மூன்றாவதில் பொறுமையாகத்தான் செய்தேன். டேங்கில் ஏற்றிப் பார்ப்பது, எங்கே சிக்குகிறதோ அங்கே கொஞ்சம் அராவுவது, மறுபடி ஏற்றுவது என்று மூன்று மாலைப் பொழுதுகள். கடைசியில் கார்டு தோளில் போய் உட்கார்ந்தது. ஆனால் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வலது பக்கம் இறுக்கமாக இருக்கிறது, இடது பக்கம் நீளம் முழுக்க ஒரு வெளிச்சக் கோடு. சாதாரணத் தாளை இரண்டாக மடித்தால் அதற்குள் நுழைகிறது.

நான் அரம் பிடிக்கும் விதத்தில்தான் தவறா? இல்லை, எல்லோருக்குமே இவ்வளவு இடைவெளி இருந்து, அதை ஏதாவது வைத்து அடைத்துவிடுகிறீர்களா?


செம்புத்தகடு எழுதியது:

வணக்கம் நண்பரே. இரண்டு தாள் கனம்தானே, ஈயப் பற்று வைத்து நிரப்பிவிடலாம். வெள்ளி கலந்த வெள்ளீயப் பற்று வாங்குங்கள், சாதாரண ஈயத்தைவிட நிறம் மங்காது. கார்டைக் கீழிருந்து சூடாக்கினால் உருகி இழுத்துக்கொண்டு போய் இடைவெளியை மூடிக்கொள்ளும். மேலே வழிந்ததைச் செம்புக் கம்பியைக் கூராக்கிச் சுரண்டி எடுங்கள், எஃகில் கீறல் விழாது. நான் பல கத்திகளில் இப்படித்தான் முடித்திருக்கிறேன்.


பழைய அரம் எழுதியது:

தம்பி, நான்காவது பித்தளைத் துண்டை வெட்டாதீர்கள். பற்று வைக்கவும் அவசரப்பட வேண்டாம். ஒரு வெர்னியரை எடுத்து டேங்கை அளந்து சொல்லுங்கள். தோளை ஒட்டி ஒன்று, பத்து மி.மீ. பின்னால் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று, நாற்பதில் ஒன்று, கடைசி முனையில் ஒன்று. கனத்தை மட்டும் அளந்தால் போதும்.

இன்னும் இரண்டு சோதனை. ஓர் எஃகு ஸ்கேலின் விளிம்பை அலகின் பக்கத்தில் வைத்து டேங்வரை நீட்டிப் பாருங்கள், டேங் எந்தப் பக்கமாவது சாய்கிறதா என்று. அப்புறம் மூலைமட்டத்தை முதுகில் வைத்து மேல் தோள், கீழ் தோள் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா பாருங்கள்.

துவைச்சல் ஏற்றிய பிறகு, அதாவது எண்ணெயில் தோய்த்து இறுக்கிய பிறகு, அலகைத் தேய்த்து மட்டமாக்கினீர்களே, டேங்கையும் தேய்த்தீர்களா? அதையும் சொல்லுங்கள்.


புதுக்கரி எழுதியது:

ஐயா, அளந்துவிட்டேன். தோளருகே 3.98. பத்து மி.மீ. பின்னால் 4.05. இருபத்தைந்தில் 4.17. நாற்பதில் 4.10. கடைசி முனையில் 3.60, அங்கே முன்பே கொஞ்சம் தேய்த்திருந்தேன்.

ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் டேங் வலது பக்கமாக லேசாக வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஸ்கேலுக்குத்தான் தெரிகிறது. மேல் தோள் கீழ் தோளைவிட ஏறத்தாழ 0.3 மி.மீ. முன்னால் இருக்கிறது.

டேங்கைத் தேய்க்கவில்லை. பிடிக்குள் மறைந்துவிடும் என்பதால் சூட்டில் படிந்த கருஞ்செதிலோடு அப்படியே விட்டுவிட்டேன்.


பழைய அரம் எழுதியது:

அளவுகளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாயிற்று. உங்கள் கையில் குறை இல்லை.

4.17இல் இருந்து 3.98ஐக் கழியுங்கள். 0.19 வருகிறதா? நீங்கள் நுழைத்த மடித்த தாளின் கனமும் ஏறத்தாழ அதுதான். கார்டு டேங்கின் பின்முனையில் ஏறி, அதன் நீளம் முழுக்கக் கடந்துதான் தோளுக்கு வந்தாக வேண்டும். வழியில் இருபத்தைந்தாவது மி.மீட்டரில் ஒரு தொப்பை இருக்கிறது. அங்கேதான் கார்டு சிக்கியது, சிக்கிய இடத்தில் நீங்கள் ஸ்லாட்டை அராவினீர்கள். தொப்பை நுழையும் அளவுக்குத் திறந்த ஸ்லாட், மெலிந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது எப்படி இறுக்கமாக இருக்கும்? டேங் வலது பக்கம் வளைந்திருப்பதால் இடைவெளி இரண்டு பக்கமும் பிரியாமல் இடது பக்கமாகவே ஒதுங்கியிருக்கிறது.

கார்டு வேலை டேங்கில்தான் தொடங்குகிறது. பித்தளையைத் தொடுவதற்கு முன் டேங்கைச் சரி செய்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு எத்தனையோ துண்டுகள் செலவாயின. நீங்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் டேங்கை இளக்க வேண்டும். இப்போது அது அலகைப் போலவே கடினமாக இருக்கும், அரம் வழுக்கும். செதிலைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள், அப்போதுதான் சூடேறும்போது நிறம் தெரியும். அலகைக் கூர் கீழாக ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் தோளுக்குச் சற்றுக் கீழே வரை வர வேண்டும். டேங்கின் முனையிலிருந்து டார்ச்சைக் காட்டிக்கொண்டே வாருங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம் என்று நிறம் நடந்து வரும். நீலம் என்றால் ஏறத்தாழ 300 டிகிரி. அந்த நீலம் தோள்வரை வரலாம், அதைத் தாண்டி அலகுக்குள் போகக் கூடாது. 1084 போன்ற கார்பன் எஃகுக்கு இது போதும். அரம் கடிக்கத் தொடங்கிவிடும். தோள்தான் கத்தியிலேயே அதிக விசையை வாங்கும் இடம், அதனால் டேங் கொஞ்சம் இளகியிருப்பது உறுதிக்கும் நல்லது. கடினமாக இருந்தால் சட்டென்று முறியும்.

இளக்கிய பிறகு வைஸில் பிடித்து மெதுவாக வளைவை எடுத்துவிடலாம். ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

அடுத்தது கனம். தோளிலிருந்து பின்னால் போகப் போக டேங் மெலிய வேண்டும், எந்த இடத்திலும் திரும்பத் தடிக்கக் கூடாது. தோளருகே முதல் மூன்று மி.மீ. 3.98 அப்படியே இருக்கட்டும், அங்கே கை வைக்காதீர்கள். பத்தில் 3.90, இருபத்தைந்தில் 3.75, கடைசியில் 3 மி.மீ. இருந்தால் நல்லது. அகலத்துக்கும் இதே கதைதான், 14 மி.மீ. என்பது தோளில் மட்டும்தான். இப்படிச் செய்துவிட்டால் கார்டு கடைசி சில மி.மீ. வரை தாராளமாக வரும், அங்கே வந்துதான் இறுகும்.

தோள்கள் இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். 0.3 மி.மீ. என்பது இதில் மலை. கார்டு கீழே முட்டிக்கொண்டு மேலே வாய் திறந்து நிற்கும். ஃபைல் கைடு இருந்தால் சுலபம். கடினமாக்கிய இரண்டு எஃகுக் கட்டைகளை போல்ட் போட்டு அலகின் இரண்டு பக்கமும் கவ்வி, அதன் முகம்வரை அராவினால் இரண்டு தோளும் தாமாக ஒரே கோட்டுக்கு வந்துவிடும். கைடு முதுகுக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தில் பார்த்த பிறகே அரத்தைத் தொடுங்கள்.

தோளும் டேங்கும் சேரும் உள்மூலையைக் கூர்மையாக வெட்டிவிடாதீர்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் விரிசல் தொடங்குவதற்கு அதைவிடத் தோதான இடம் கத்தியில் கிடையாது. உருண்டை ஊசி அரத்தால் ஒரு மி.மீ. ஆரத்துக்கு வளைவாக விடுங்கள். அந்த வளைவில் கார்டு முட்டாமல் இருக்க, ஸ்லாட்டின் இரண்டு முனைகளிலும் முன்பக்க விளிம்பை மட்டும் கொஞ்சம் சாய்த்து எடுக்க வேண்டும். தோள் அதை மறைத்துவிடும்.

இனி பித்தளை. 45க்கு 20 துண்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளி வடிவத்தை இப்போது வெட்ட வேண்டாம். ஸ்லாட் அரை மி.மீ. நகர்ந்துவிட்டாலும் வெளி வடிவத்தை அதற்கேற்ப மாற்றி வரைந்துகொள்ளலாம். உங்கள் முதல் துண்டைக்கூட அப்படிக் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நடுக்கோட்டைக் கீறுங்கள். மார்க்கர் மை பூசிவிட்டுக் கீறினால் கோடு பளிச்சென்று தெரியும். உங்கள் டேங்குக்கு 3.5 மி.மீ. பிட் சரியாக வரும். ஐந்து ஐந்து மி.மீ. இடைவெளியில் மூன்று துளைகள் போட்டால் மொத்தம் 13.5 மி.மீ. நீளம். முனைகளிலும் பக்கங்களிலும் கால் கால் மி.மீ. அரத்துக்கு மிஞ்சும். சென்டர் பஞ்ச் அடிக்காமல் துளை போடாதீர்கள். துளைகளுக்கு நடுவே நிற்கும் பாலங்களை நகை வேலைக்கான மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பித்தளையில் பிட் மறுபக்கம் வெளியேறும் நேரத்தில் சட்டென்று கொக்கி போட்டுத் துண்டைத் தூக்கிச் சுழற்றும். கையால் பிடித்துத் துளை போடவே கூடாது, கட்டாயம் கவ்வியில் இறுக்குங்கள். பிட்டின் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்கித் தட்டையாக்கிவிட்டால் அது இழுக்காது, சுரண்டிக்கொண்டு போகும்.

இப்போது அரம். எஃகில் உழைத்த அரம் பித்தளையில் வழுக்கும், கையும் அதோடு வழுக்கும். புது அரத்தை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்திவிட்டு, முனை மங்கிய பிறகு எஃகுக்கு மாற்றுங்கள். தட்டை ஊசி அரத்தின் ஒரு விளிம்பைத் தேய்த்துப் பல்லில்லாமல் ஆக்கி வைத்துக்கொண்டால் மூலையில் வேலை செய்யும்போது பக்கத்துச் சுவரைக் கடிக்காது.

எங்கே அராவுவது என்பதைக் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். டேங்கில் மார்க்கர் மையைப் பூசிக் கார்டை ஏற்றி இறக்குங்கள். பித்தளைக்குள் எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கே இரண்டு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். துடைத்துவிட்டு மறுபடி மை பூசுங்கள். முப்பது நாற்பது தடவை ஆகும். அது தாமதம் இல்லை, வேலையே அதுதான்.

கார்டின் 6 மி.மீ. கனம் முழுக்க டேங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. முன்பக்கம் ஒன்றரை மி.மீ. பிடித்தால் போதும், கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். ஆகவே எப்போதும் பின்பக்கத்திலிருந்து அராவுங்கள், பின்பக்கம் கொஞ்சம் அகலமாகவே போகட்டும். முன்பக்கத்திலிருந்து அரம் விட்டால் கை ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் முன் விளிம்பைத் தின்றுவிடும்.

கை அழுத்தத்தில் தோளுக்கு இரண்டு மி.மீ. தூரத்தில் வந்து நின்றுவிட்டால் அரத்தைக் கீழே வையுங்கள். மீதியை அடித்துத்தான் ஏற்ற வேண்டும். வெட்டும் வாய்க்குக் கனமான டேப் சுற்றி, அலகைக் கூர் கீழாக, தோல் வைத்த வைஸ் தாடைகளில் தோளுக்குச் சற்றுக் கீழே கவ்வுங்கள். கூர் எதிலும் முட்டக் கூடாது. டேங் நீளத்துக்கு நடுவில் துளையிட்ட கெட்டி மரக்கட்டையையோ இரும்புக் குழாயையோ கார்டின் மேல் வைத்து, சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள். கார்டு உட்கார்ந்ததும் சத்தம் மாறும். ஏறிக்கொண்டிருக்கும்போது மந்தமாகக் கேட்பது, தோளில் பட்டதும் கணீரென்று கேட்கும். அதற்கு மேல் ஒரு தட்டுகூட வேண்டாம்.

கடைசியாக ஏற்றுவதற்கு முன் கார்டின் முன்முகத்தை மெருகேற்றி முடித்திருக்க வேண்டும். பிறகு அலகு குறுக்கே நிற்கும், தாள் உள்ளே போகாது. கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாளை விரித்து 220, 400, 600, 800 என்று ஏறி வாருங்கள்.


நீலச்சூடு எழுதியது:

பழைய அரம் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டேங்கை மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் 0.15 மி.மீ. குறைத்து நான்கு பக்கமும் தோள் வைத்துவிடலாம். ஸ்லாட்டில் சின்னப் பிசகு இருந்தாலும் அலகின் கனம் அதை மூடிக்கொள்ளும். ஆனால் நான்கு தோளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இது பலிக்கும். முதல் கார்டுக்கே இதில் இறங்க வேண்டாம், இரண்டாவதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். மூன்றாவதைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பித்தளை இளகிய உலோகம். ஸ்லாட்டின் விளிம்பிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி, மழுங்கிய எஃகுப் பஞ்ச் ஒன்றை வைத்து வரிசையாகத் தட்டினால் உலோகம் உள்நோக்கி நகர்ந்து இடைவெளி குறுகும். பஞ்சின் தடம் மறையும்வரை முகத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி பொருத்தலாம். கனத்தில் அரை மி.மீ. போகும், அவ்வளவுதான்.

இது குறுக்கு வழி என்று கூச்சப்பட வேண்டாம். ஜப்பானிய வாள்களின் சுபாவை, அதாவது அந்த வட்டக் கைக்காப்பை, கவனித்துப் பார்த்தால் நடுத்துளையின் இரண்டு முனைகளிலும் செம்புத் துண்டுகள் பதித்திருப்பது பலவற்றில் தெரியும். அதற்கு செகிகானே என்று பெயர். ஒரு வாளுக்குச் செய்த சுபாவை இன்னொரு வாளுக்கு மாற்றும்போது இளகிய செம்பை வைத்து அளவைச் சரிசெய்துகொள்வார்கள். துளையைச் சுற்றி உளியால் தட்டி இறுக்கிய தடங்களும் இருக்கும். அந்தத் தடங்களைப் பார்க்கும்போதெல்லாம், பல நூறு வருடங்களுக்கு முன்னால் ஒருவர் இதே இடைவெளியோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த முறை நிக்கல் சில்வரையும் முயன்று பாருங்கள். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும். எஃகோடு நிறம் ஒத்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு வேண்டுமென்றால் 416ஐத் தேடுங்கள். 304 வேண்டாம். பிட் ஒரு கணம் நின்று உரசினாலே அந்த இடம் இறுகிப்போய், அப்புறம் எதற்கும் மசியாது.


செம்புத்தகடு எழுதியது:

அளவுகள் வந்த பிறகு பார்த்தால் நான் சொன்ன வழி காரணத்தை விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் மறைப்பது என்று புரிகிறது. ஆனாலும் நன்றாகப் பொருந்திய கார்டுக்கும் பற்று வைப்பது நல்லது என்பது என் அனுபவம். நீர் உள்ளே போகாது. ஐயா என்ன நினைக்கிறீர்கள்?


பழைய அரம் எழுதியது:

நீர் உள்ளே போகக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பித்தளையும் கார்பன் எஃகும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு எஃகைத்தான் பிடிக்கும், பித்தளை தப்பித்துக்கொள்ளும். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே டேங் கரைந்துகொண்டிருக்கும்.

நானும் பல வருடம் பற்றுதான் வைத்தேன். வெள்ளீயமும் மூன்றரை சதவீத வெள்ளியும் கலந்த பற்று 221 டிகிரியில் உருகும். இந்தத் தம்பியின் அலகு 200இல் பதப்படுத்தியது. அதாவது பற்று உருகும் சூடு அலகுக்குள் ஊடுருவினால் கடினம் கொஞ்சம் இறங்கிவிடும். ஈரத் துணி சுற்றிச் சமாளிக்கலாம், நானும் அப்படித்தான் சமாளித்தேன். 600 டிகிரிக்கு மேல் உருகும் நகைப்பற்றை இங்கே நினைத்தே பார்க்கக் கூடாது.

என்னை நிறுத்த வைத்தது சூடு அல்ல, அமிலம். பற்று ஓடுவதற்குப் பூசும் துத்தநாகக் குளோரைடு கரைசலை ஒரு கத்தியில் சரியாகக் கழுவாமல் விட்டுவிட்டேன். ஒரு நண்பருக்குக் கொடுத்த கத்தி. நான்கு மாதம் கழித்து அவர் கொண்டுவந்து காட்டியபோது கார்டை ஒட்டி அலகின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, நகத்தை வைத்தால் பள்ளம் தெரிந்தது. அந்தக் கோட்டை இன்னும் மறக்கவில்லை. பற்று வைப்பவர்கள் முடித்த கையோடு சமையல் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள், ஒரு முறை அல்ல, மூன்று முறை.

இப்போது நான் செய்வது, இறுக்கமாகப் பொருத்தி, இடையில் எபாக்ஸிப் பசை வைப்பது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். மெதுவாக இறுகும் வகைதான் உறுதியாகப் பிடிக்கும், துடைத்துச் சரிசெய்ய நேரமும் கிடைக்கும். பூசும் இடங்களை 120 நம்பர் தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்துவிட்டு, அப்புறம் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு பெல்ட் கிரைண்டரில் கார்டைச் சூடாக்கிவிடாதீர்கள். கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் எபாக்ஸி இளகத் தொடங்கிவிடும். அடிக்கடி தண்ணீரில் தொட்டு எடுங்கள்.

மெருகேற்றும் பஃப் சக்கரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்டு வைத்த கத்தி அதற்கு மிகவும் பிடித்த இரை. கார்டின் மூலையைக் கவ்வி இழுத்தால் கத்தி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்லவே முடியாது. முதல் சில கார்டுகளைக் கையாலேயே மெருகேற்றுங்கள்.


புதுக்கரி எழுதியது:

ஐயா, நண்பர்களே, பத்து நாள் கழித்து வருகிறேன்.

டேங்கை இளக்கியது முதல் வேலை. நீலம் நடந்து வருவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தோளுக்கு அரை மி.மீ. முன்பே டார்ச்சை எடுத்துவிட்டேன். வளைவு நேராகிவிட்டது. இப்போது கனம் தோளில் 3.98, பத்தில் 3.91, இருபத்தைந்தில் 3.76. தோள்களை ஃபைல் கைடு வைத்து அராவினேன். பழைய பெரிய அரம் ஒன்றை இரண்டாக வெட்டி, துளை போடும் இடத்தை மட்டும் இளக்கி, போல்ட் போட்டுச் செய்துகொண்ட கைடு அது. இரண்டு தோளும் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டன.

நான்காவது துண்டில் ஒரு துளை லேசாக ஓடியது. பதறாமல் வெளி வடிவத்தை நகர்த்தி வரைந்துகொண்டேன். மை பூசி எண்ணிக்கொண்டே வந்தேன், முப்பத்தாறு தடவை. கடைசியில் குழாயை வைத்துத் தட்டினேன். நீங்கள் சொன்ன சத்தம் கேட்டது ஐயா. கேட்டவுடன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். விளக்கைப் பின்னால் வைத்து நான்கு பக்கமும் பார்த்தேன், எங்கும் வெளிச்சம் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றாவது துண்டையும் நீலச்சூடு சொன்னபடி தட்டிப் பார்த்தேன். இடைவெளி பாதிக்கு மேல் மூடிக்கொண்டது.

இனி ஒரே கேள்வி, வடிவம். நான் வரைந்தது மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைக் கார்டு. மூலைகளைக் கூராக விட்டால் அழகாக இருக்கிறது. அப்பாவின் கைக்கு அது சரிவருமா?


பழைய அரம் எழுதியது:

முப்பத்தாறு தடவை என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது, தம்பி.

அப்பாவின் கைக்கு மேல்பக்க நீட்டல் வேண்டாம். கட்டை விரலை முதுகில் வைத்து அழுத்த வேண்டியிருக்கும், அது அங்கே இடிக்கும். மேலே முதுகோடு மட்டமாக முடித்துவிட்டுக் கீழே மட்டும் நீட்டுங்கள். ரிகாசோவின், அதாவது தோளுக்கு முன்னால் தீட்டாமல் விட்ட தட்டைப் பகுதியின், கீழ் விளிம்பிலிருந்து பத்து மி.மீ. இறங்கினால் சுட்டு விரலை நன்றாகத் தடுக்கும். வெளியே நீட்டும் பகுதி குறைந்தால் எடையும் குறையும். 45க்கு 20க்கு 6 என்றால் பித்தளையில் ஏறத்தாழ 46 கிராம், அதில் பாதிக்கு மேல் வடிவமைக்கும்போது போய்விடும்.

மூலைகளைக் கூராக விடவே விடாதீர்கள். உணர்ச்சி உள்ள விரல் கூரில் பட்டால் தானாக விலகிக்கொள்ளும். அவருடைய விரல் விலகாது, உரசிக்கொண்டே இருக்கும், புண்ணான பிறகுதான் அவருக்குத் தெரியும். பின்முகத்தில் சுட்டு விரல் சாயும் விளிம்பை இரண்டு மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள். உங்கள் விரலை வைத்துச் சோதித்தால் போதாது, அவர் கையில் கொடுத்துவிட்டு எங்கே தோல் வெளுக்கிறது என்று நீங்கள் பாருங்கள்.

பிடி கார்டோடு சேரும் முகத்தில் 2 மி.மீ. கம்பியில் இரண்டு மறைமுளைகள் வையுங்கள். கார்டில் பின்பக்கமிருந்து 3 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு துளைகள், மரத்திலும் அதற்கு நேராக இரண்டு. பிடி சுழலாது, ஒட்டும்போதும் நகராது.


புதுக்கரி எழுதியது:

மேல்பக்க நீட்டலை வெட்டி எடுத்துவிட்டேன். மறைமுளைகளும் வைத்தாயிற்று. நேற்று மாலை எதையும் ஒட்டாமல் வெறுமனே கோத்து அப்பாவிடம் கொடுத்தேன். வாய் இன்னும் தீட்டவில்லை, டேப்பும் சுற்றியிருந்தது. கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தார். முன்னால் தள்ளச் சொன்னேன், நன்றாக அழுத்தித் தள்ளினார். சுட்டு விரல் கார்டில் போய் நின்றுவிட்டது. கட்டை விரல் எங்கும் இடிக்கவில்லை. விரலை எடுத்ததும் பார்த்தேன், உள்பக்கக் கீழ் விளிம்பு பட்ட இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. அவருக்குத் தெரியவே இல்லை. அந்த இடத்தை இன்னும் ஒரு மி.மீ. உருட்ட வேண்டும். அதை முடித்து மறுபடி அவர் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எபாக்ஸி கலக்கப் போகிறேன்.